கறுப்பு நாயும் கோவிவனும்

துக்கத்துக்கு உருவம் கொடுப்பது ஒரு ஒழுக்கப் பிரச்னை என்று சொன்னால் நம்மில் பலர் சிரிக்கக்கூடும். உருவம், படிமம் என்பவற்றை எல்லாம் கவிதைக்காரனின் தொழில் சமாசாரங்களாகவே இத்தனை காலமும் பேசி வந்திருக்கிறோம். படிமம் கச்சிதமாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நம் விசாரணை முடிந்துவிடும். அது யாருக்கு உதவுகிறது, யாரை ஏமாற்றுகிறது என்று கேட்பது விமர்சகன் வேலையில்லை என்ற எண்ணம். மாத்யூ ஜான்ஸ்டனின் சித்திரப் புத்தகத்தைப் பார்த்த பிறகு இந்தப் பாகப்பிரிவினை எனக்குச் சௌகரியமாக இல்லை.

2005ல் ஆஸ்திரேலியாவில் வெளியான சின்னப் புத்தகம் அது. தனக்கொரு கறுப்பு நாய் இருந்தது, அதன் பெயர் மனச்சோர்வு என்பது தலைப்பின் பொருள். ஜான்ஸ்டன் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். பல வருஷங்கள் இந்த நோயோடு இருந்தவர். பக்கத்துக்கு ஒரு சித்திரம், கீழே ஓரிரு வாக்கியம். ஒரு மனிதன், அவன் போகுமிடமெல்லாம் ஒரு கறுப்பு நாய். சில பக்கங்களில் அது அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவன் சிறுத்துப் போகிறான். கடைசியில் அது சிறியதாகி வாருக்குள் வந்துவிடுகிறது. செத்துப்போவதில்லை, விலகிப்போவதில்லை, அடங்கி நடக்கிறது. 2012ல் உலக சுகாதார நிறுவனம் இதையே ஒரு சிறு படமாக எடுத்து உலகம் பூராவும் காட்டியது.

கறுப்பு நாய் ஜான்ஸ்டனின் சொந்தக் கற்பனை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஜான்சன் தன் கடிதத்தில் தன்னைப் பிடித்த சோர்வை அப்படித்தான் குறித்தார். பிற்பாடு சர்ச்சிலால் அது பிரசித்தமாயிற்று. ஜான்ஸ்டன் செய்தது அந்தப் பழைய சொல்லை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நடக்கவிட்டது. விளம்பரக்காரனின் சாமர்த்தியம் அதில் தெரிகிறது. ஒரு பக்கமும் சந்தேகத்துக்கு இடம் வைப்பதில்லை, எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது. எனக்கு இவ்வளவு சுத்தமான சித்திரங்கள் பொதுவாகப் பிடிக்காது. ஆனால் காலையில் படுக்கையை விட்டு எழவே முடியாதவனுக்கு நான்கு தளங்களில் அர்த்தம் விரியும் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? எளிமை இங்கே ஒரு மரியாதை.

இந்தப் படிமம் செய்கிற நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் மனச்சோர்வுக்காரனிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 'உனக்கென்ன குறை?' வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, கட்டியவள் நல்லவள், பிள்ளைகள் படிக்கின்றன. பிறகென்ன? இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பதில் இல்லாததாலேயே அது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. குறை இல்லாமல் துக்கப்படுகிறவன் நன்றி கெட்டவனாக, சோம்பேறியாக, வேஷக்காரனாகத் தெரிகிறான். கொஞ்ச நாளில் அவனுக்கே அப்படித் தோன்ற ஆரம்பிக்கிறது. நோய்க்கு மேல் நோயாக இந்தக் குற்ற உணர்ச்சி. அந்த இடத்தில் நாயைச் சுட்டிக்காட்ட முடிவது பெரிய விஷயம். 'நான் அல்ல, இதோ இது' என்று ஒரு விரல் நீட்ட முடிகிறது. நாய் வந்ததற்குக் காரணம் கேட்க யாருக்கும் தோன்றாது. தெருநாய் ஏன் நம் பின்னால் வருகிறது என்பதற்கு நாமா ஜவாப்தாரி? நோயையும் நோயாளியையும் பிரித்து வைக்கும் இந்தக் காரியம் கருணையானது. இதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் புத்தகத்தைச் சில நாள் நான் ஜவ்வாது மலையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நண்பர் பள்ளி ஆசிரியர். அவருக்கு வீடு கொடுத்திருந்த பெரியவர், சாமைக் கொல்லைக்குப் போய்வந்த அசதியில் திண்ணையில் உட்கார்ந்தவர், புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். எழுத்து வாசிக்கமாட்டார், ஆங்கிலம் என்பதால் வாசிப்பவருக்கும் அங்கே பயனில்லை. நிதானமாக எல்லாப் பக்கங்களையும் திருப்பினார்.

'ஏன் சார், இந்த நாய்க்கு யாரும் சோறு வெக்கலியா?' என்றார்.

அது நிஜ நாய் இல்லை, அந்த ஆளுடைய மனக்கஷ்டத்தை அப்படி வரைந்திருக்கிறார்கள் என்று நண்பர் சொன்னார்.

'அதெல்லாம் சரி தம்பி. ஊட்ல வேற ஆளே காணமே?'

கடைசிப் பக்கங்களில் வாரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. 'கட்டிப்புட்டானா?' என்று மட்டும் கேட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அங்கே யாரும் நாயைக் கட்டிவைத்து நான் பார்க்கவில்லை. நாய் கொல்லைக்குக் காவல். காட்டுப்பன்றி வரும் ராத்திரிகளில் அது குரைத்தால்தான் சாமை மிஞ்சும். வளர்ந்த கறுப்பு நாயொன்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் மனசு தைரியப்படுமே தவிரக் கலங்காது.

மலைவாசியின் ஞானம் என்று இதற்கு மாலை போட்டு உட்கார்த்திவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. அந்த வகை பக்தி போதுமான அளவு நடந்தாயிற்று. பெரியவர் படிமத்தைப் 'புரிந்துகொள்ளவில்லை' என்றே வைத்துக்கொள்வோம். அவர் புரிந்துகொள்ளாத விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுத்தறியாதவர்களுக்குச் சித்திரம் போதும், சித்திரம் எல்லோருக்கும் பொதுமொழி என்று சுகாதாரத் துறையினர் நம்புகிறார்கள். சித்திரமும் ஒரு எழுத்துதான். அதற்கும் அரிச்சுவடி உண்டு, அதுவும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இருட்டையே எடுத்துக்கொள்ளலாம். மனச்சோர்வைப் பற்றி எந்தச் சித்திரப் புத்தகம் வந்தாலும் பின்னணியில் கறுப்பைத்தான் அப்பியிருக்கிறார்கள். இதே மலையில் காவலூரில் 1960களில் வைணு பாப்பு வானாய்வகம் ஒன்றுக்கு இடம் தேடிவந்தது இருட்டுக்காகத்தான். நகர வெளிச்சம் எட்டாத ராத்திரி வேண்டியிருந்தது. 1986ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. 1988ல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். அந்த வேலைக்காரர்களுக்கு வெளிச்சம்தான் இடைஞ்சல். இருட்டு பயமாகவும், இருட்டு மூலதனமாகவும் ஒரே மலையில் இருக்கிறது. எந்த இருட்டு என்று சொல்லாமல் கறுப்பைத் தடவுகிறவன் எதையும் சொல்லவில்லை.

பெரியவரின் முதல் கேள்வியோடு இன்னொரு சித்திரம் ஞாபகத்துக்கு வந்தது. ட்யூரர் 1514ல் செதுக்கிய 'மெலன்கோலியா'. சிறகு முளைத்த ஒரு பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் தச்சுக் கருவிகள், சும்மா கிடக்கின்றன. பிரதிகளில் அவளையும் அவள் பார்வையையும் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். அவளுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கும் நாயை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. விலா எலும்பு தெரிய மெலிந்த நாய். ட்யூரரின் நாய் துக்கத்தின் உருவமாக நிற்கவில்லை; துக்கப்படுகிறவள் வீட்டில் சோறில்லாமல் கிடக்கிற ஜீவன் அது. சோர்வு ஒருவரைப் பிடித்தால் அவரைச் சார்ந்தவை எல்லாம் மெலிந்துபோகின்றன என்ற சங்கதியை ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜெர்மானியன் ஓரத்தில் செதுக்கி வைத்துவிட்டான். பெரியவரிடம் அதைக் காட்டியிருந்தால் அவர் கேள்வி சரியான நாயிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

நம் மரபில் இன்னொரு நாய் உண்டு. பக்திக் கவிகள், மாணிக்கவாசகர் முக்கியமாக, 'நாயேன்' என்று தம்மைச் சொல்லிக்கொண்டார்கள். அங்கே நாய் வெளியிலிருந்து தொடர்ந்து வருவதில்லை. நானே நாய். என் இழிவு எனக்கே உரியது. வேறொன்றின் மேல் சுமத்த இடமில்லை. இதை வெறும் பணிவாக எடுத்துக்கொள்வது மேம்போக்கான வாசிப்பு. தன்னைத்தான் வெறுக்கிற நிலையின் உள்ளே நின்று பேசும் குரல் அது. ஆனால் அந்தக் குரலுக்கு எதிரே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவன் இருந்தான். 'நாயேன்' என்று சொன்னது அவனிடம். கேட்க ஆள் இல்லாத வீட்டில் இன்றைக்கு ஒருவன் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டால், அது பக்தி ஆகாது, ஆபத்து. இந்த இடத்தில் ஜான்ஸ்டனின் நாய் மாணிக்கவாசகரின் நாயைவிட உதவியானது என்று தயங்காமல் சொல்வேன்.

துக்கம் நானா, என்னுடையதா, அந்நியமா? கேள்வியை இப்படி வைத்தால் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் போலத் தோன்றுகிறது. காரணம் உள்ள துக்கம் வந்து நிற்கும்போது மூன்றுமே பொருந்தாமல் போகின்றன.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டக் கூட்டிப்போகப்பட்டவர்கள்; பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலையின் ஆட்கள் அதில் இருந்தார்கள். சாமையும் புளியும் பலாவும் வருஷம் பூராவும் சோறு போடாத வீடுகளிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அப்படிப் புருஷனை இழந்த ஒரு பெண் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போலிருக்கிறது என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மனச்சோர்வை அளக்க இப்போது உலகம் பூராவும் புழங்கும் படிவம் ஒன்று உண்டு. 2001ல் பிரசுரமான பிஎச்க்யூ-9. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, களைப்பு எப்படி. ஏன் என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. அவள் விடைகளைக் கூட்டினால் பெரிய எண் வரும். எண் பொய்யில்லை. அவளுக்கு உதவி தேவை, ஒருவேளை மருந்தும் தேவை. ஆனால் அவள் பக்கத்தில் ஒரு கறுப்பு நாயை வரைந்து காட்டினால் அது அவளுக்குச் செய்கிற அநியாயம். எங்கிருந்தோ வந்தது, காரணமில்லாதது, யாரும் பொறுப்பில்லை என்பதுதான் அந்த நாயின் அர்த்தம். அவள் விஷயத்தில் காரணம் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது. உனக்கென்ன குறை என்ற கேள்விக்கு எதிராக வந்த படிமம், குறை என்னவென்று ஊருக்கே தெரிந்த இடத்தில் குறையை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது சம்பந்தமாகவே ஒரு சண்டை நடந்தது. 1980ல் வந்த மூன்றாம் பதிப்பு, நெருங்கியவர் சாவை ஒட்டி வரும் துக்கத்தை மனச்சோர்வு நோயிலிருந்து விலக்கி வைத்தது. நான்காம் பதிப்பில் அந்த விலக்குக்கு இரண்டு மாதம் கெடு. 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பு விலக்கையே எடுத்துவிட்டது. எடுத்ததற்கு வலுவான நியாயம் இருந்தது. சாவினால் வந்த சோர்வும் உயிரைக் குடிக்கும். காரணம் இருக்கிறது என்பதற்காக வைத்தியத்தை மறுப்பது கொடுமை. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு: துக்கப்படுவது மனிதனாக இருப்பதன் ஒரு பகுதி, அதை நோய்ப் பட்டியலில் ஏற்றினால் துக்கத்துக்குச் சொல்ல இருப்பது கேட்காமல் போய்விடும். எனக்கு இரண்டு கட்சியிலும் முழுசாகச் சேர முடியவில்லை. மருந்து கொடுப்பவன் காரணத்தையும் கேட்கலாமே, யார் தடுத்தார்கள்? நேரம் தடுக்கிறது என்பார்கள். நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்கு 80க்கு மேல் சிகிச்சை கிடைக்காதவர்கள். காரணம் கேட்கும் வைத்தியர் இருக்கட்டும், காரணம் கேட்காத வைத்தியரே மலை ஏறி வருவது அபூர்வம்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்கள், மொத்தம் நாம் எத்தனை பேர், கேட்கலாம். நமக்கு இது மலைக்கு மேலே நடக்கும் விஷயம் மட்டும் இல்லை. ஆத்மாநாம் 1984ல் தற்கொலை செய்துகொண்டபோது அவருக்கு வயது 33. 1978ல் 'ழ' பத்திரிகையைத் தொடங்கியவர், நம்மைப் போன்ற ஒரு சின்ன வட்டத்தின் நடுவில் இருந்தவர், மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர். அதன் பிறகு அவர் கவிதைகளுக்கு நடந்தது என்ன? சாவிலிருந்து பின்னோக்கி ஒரு வெளிச்சம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் கிணற்றடியைத் தேடும் வாசிப்பு வந்துவிட்டது. அவரிடம் இருந்த கேலி, சமூகக் கோபம், எதிராளியோடு பேசும் தொனி எல்லாம் பின்னால் போயிற்று. நோயைக் கவிஞனின் அடையாள அட்டையாக்கி, அவனுடைய தீவிரத்துக்கு அது சாட்சி என்று சொல்லும் ஒரு பழக்கம் சிறுபத்திரிகை உலகில் பரவலாக இருக்கிறது. மருந்து சாப்பிட்டால் கவிதை வராது என்ற மூடநம்பிக்கை இன்னும் புழங்குகிறது. இது ஜான்ஸ்டனுக்கு நேர் எதிர்த் திசையில் போகும் தவறு: அவர் நாயை மனிதனிடமிருந்து முற்றாகப் பிரித்து வரைந்தார், நாம் மனிதனை எடுத்துவிட்டு நாயை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டில் எது கெட்டது என்று கேட்டால் நம்முடையதைத்தான் சொல்வேன். அவருடைய புத்தகத்தால் ஒருவேளை யாரோ ஒருவர் மருத்துவரிடம் போயிருப்பார். நம் வாசிப்பு யாரை எங்கே அனுப்பியது?

பெரியவரின் இரண்டாவது கேள்வி மிச்சமிருக்கிறது. ஊட்ல வேற ஆளே காணமே. பக்கம் பக்கமாக மனிதனும் நாயுமே. மற்றவர்கள் வந்தாலும் ஓரமாக வந்து போகிறவர்கள். இந்தக் குறையை ஜான்ஸ்டனே உணர்ந்திருக்க வேண்டும். பிற்பாடு மனைவி ஐன்ஸ்லியோடு சேர்ந்து இரண்டாவது புத்தகம் செய்தார், கறுப்பு நாயோடு வாழ்கிறவனோடு வாழ்கிறவர்களுக்காக. முதல் புத்தகத்தின் புகழ் அதற்கு இல்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வேண்டியது. என்ன சொல்லக்கூடாது, எப்போது சும்மா பக்கத்தில் இருப்பது போதும், கவனித்துக்கொள்கிறவரும் எப்படிச் சோர்ந்துபோகிறார் என்பதெல்லாம் அதன் விஷயம். ட்யூரரின் ஓரத்து நாய்க்கு அங்கே ஒரு புத்தகமே கிடைத்திருக்கிறது.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழிக்காரர்கள் இந்த நோயை 'அதிகம் யோசித்தல்' என்ற பொருளுள்ள சொல்லால் குறிக்கிறார்கள். நம் கிராமத்தில் 'ரொம்ப யோசனை பண்றான்' என்பதற்கும் அதற்கும் தூரமில்லை. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006ல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சுகளில் உட்கார்ந்து ஆட்களின் பேச்சைக் கேட்கச் செய்தார். அதன் பலனைச் சோதித்துப் பார்த்து மருத்துவ உலகமே ஒத்துக்கொண்டது. அந்த ஏற்பாட்டைச் சித்திரமாகப் போட்டால் பெஞ்சில் இரண்டு பேர் இருப்பார்கள், நாய்க்கு அவசியமில்லை.

நாயைத்தான் போடவேண்டும் என்றால் அதற்கும் நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து தெற்கே இறங்கினால் செங்கம் வட்டாரம், நடுகற்களின் நாடு. 1972ல் தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டது. அங்கே எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. ஒரு பக்கமே உள்ள சித்திரப் புத்தகம் என்று அதைச் சொல்லலாம்: மேலே எழுத்து, நடுவில் உருவம். எருமைகளைக் காக்கப்போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரன். அவனருகே ஒரு நாய். வெட்டியவன் நாய்க்கும் தனியாக எழுத்துச் செலவழித்திருக்கிறான். அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துவிட்டு, விழுந்தவன் பக்கத்திலேயே அது காத்து நின்றதைக் கல் சொல்கிறது. நாயின் மனநிலை பற்றி ஒரு சொல் இல்லை; வீரனின் வலி பற்றியும் இல்லை. காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, யார் விழுந்தது என்பது சொல்லப்பட்டிருக்கிறது, யார் கூட இருந்தது என்பதும். எருமைகள் மீட்கப்பட்டனவா என்பது அந்தக் கல்லில் இல்லை.